வாசலில் வைத்தவை

முகம் கழுவிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது, வெளியே கழற்றிப் போட்டிருந்த ஷூக்கள் பளபளவென்று மின்னின.

கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஷூ அவருடையது அல்ல. அவர் வேலை பார்க்கும் பஸ்ஸின் டிரைவர், "பெரிய இடத்துக்குப் போறே, செருப்போட போய் நிக்காதே" என்று சொல்லி இரவல் கொடுத்தது. டிரைவருக்குக் கால் பெரிது. நுனியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டுதான் பஸ் நிறுத்தத்திலிருந்து இந்த மேடு முழுவதும் மழைச் சேற்றில் சளக் சளக்கென்று ஏறி வந்திருந்தார். காலணியோடு அறைக்குள் நுழைந்து பழக்கமில்லாத மனிதர், வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே போயிருந்தார். ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாக அவை கிடந்தது நன்றாக நினைவிருந்தது.

இப்போது இரண்டும் ஜோடியாக, குதிகால் சுவரில் உரச, நூல் பிடித்தாற்போல நின்றன. சேறு இல்லை. டிரைவர் வருஷக்கணக்காகப் பிரேக் மிதித்துத் தேய்ந்த வலது நுனியில் தேய்மானம் இல்லை. கயிறு புதிது. காலை நுழைத்துப் பார்த்தார். உள்ளே காகிதம் இல்லை. ஆனாலும் அளவெடுத்துத் தைத்ததுபோலக் கச்சிதமாகப் பிடித்தது.

பயம் வந்திருக்க வேண்டிய இடம் அது. அவருக்கு வந்தது வெட்கம். யாரோ குனிந்து எடுத்து, அந்தக் கசங்கிய காகிதத்தை வெளியே இழுத்து, 'ஓ, இரவலா' என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார்களே என்று நினைத்ததும் காது மடல் சுட்டது.

நடைக்கூடம் இரண்டு பக்கமும் ஆளில்லாமல் நீண்டு கிடந்தது. கீழ்த்தளங்களில் கம்பளத்தை எல்லாம் உரித்தெறிந்துவிட்டு வெறும் தரையில் பையன்களைப் பூட்ஸோடு ஓடவிட்டிருந்தார்கள். இந்த மேல்மாடியில் மட்டும் ஹோட்டல் காலத்துச் சிவப்புக் கம்பளம், ஆட்கள் நடந்து நடந்து நடுவில் வெளுத்த தடத்தோடு, ஒரு விளக்கடியில் தெரிவதும் அடுத்த இருட்டில் மறைவதுமாகப் போய்க் கடைசியில் ஒரு மூலையில் திரும்பிக் காணாமல் போயிற்று. சுவருக்குள் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீரும் சோப்பும் சேர்ந்த ஆவி வாசனை. கூடவே, ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, அந்த வாசனையும் கொஞ்சம்.

ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமே அண்ணாந்து பார்த்த ஹோட்டல் அது. பெரிய பெரிய ஆட்கள் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்கிப்போன இடம். பிறகு மூடிக் கிடந்து, அரசாங்கம் எடுத்து ராணுவப் பள்ளியாக்கி ரொம்ப வருஷம் ஆயிற்று. நடன மண்டபத்தில் இப்போது லெஃப்ட் ரைட் போட்டார்கள். மதுக்கூடத்தின் பளிங்கு மேடையில் வேதியியல் குடுவைகள் நின்றன. நீச்சல் குளத்தை வற்றவைத்து, கயிறும் ஏணியும் கட்டி, பையன்களை ஏறி இறங்கச் சொன்னார்கள். அறைச் சாவிகள் தொங்கிய மாடங்களில் தொப்பிகளை வைத்திருந்தார்கள். அங்கே ஒரு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கண்டக்டரின் ஒரே மகனுக்குக் கிடைத்தது.

கிடைத்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. டிப்போ முழுக்க இனிப்பு கொடுத்தார். டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "நம்ம பையன் ஆபீசர் ஸ்கூல்ல இருக்கான்" என்றார். தினமும் வருகிறவர்கள், "ஆபீசரோட அப்பா, ஒரு டிக்கெட் கொடுங்க" என்று கிண்டலடிக்கும் அளவுக்குப் போயிற்று. அந்தக் கிண்டலும் அவருக்கு இனித்தது.

அப்புறம்தான் பள்ளியிலிருந்து போன் வந்தது. பையன் ராத்திரியில் படுக்கையை நனைக்கிறானாம்.

இன்று சாயங்காலம் பள்ளித் தலைவரான கமாண்டன்ட் சுற்றி வளைக்காமல் பேசினார். கோபமே இல்லாத குரல். அதுதான் கண்டக்டரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"டாக்டர் பாத்துட்டார். உடம்புல ஒண்ணும் இல்ல. கூட இருக்கற பசங்க இவனை 'நீச்சல்காரன்'னு கூப்பிடறாங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க கூட இருங்க. மேல பெற்றோருக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கோம். காலைல பிகில் ஊதினதும் நானே வந்து படுக்கையப் பாப்பேன். காஞ்சிருந்தா பையன் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. தப்பா நினைக்காதீங்க."

"சரிங்க சார்" என்றார் கண்டக்டர். பஸ் படியில் தொங்குகிறவர்களையெல்லாம் ஒரே அதட்டலில் உள்ளே தள்ளும் அந்தத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் பையன் விறைப்பாக நின்றிருந்தான். அவன்மேல் லேசாக ஒரு வாடை அடிப்பதுபோலத் தோன்றியதும் கண்டக்டர் ஒரு அடி தள்ளி நின்றார். பையன் அதைக் கவனித்தான். அவன் கவனித்ததை அவரும் கவனித்தார்.

அந்த ஒரு அடியை நினைத்துக்கொண்டேதான் இப்போது மின்னும் ஷூவோடு படியிறங்கிப் போனார். கீழே பழைய வரவேற்பு மேஜையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த சார்ஜெண்டைப் பையன்கள் மீசை என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆள் வருவதற்கு முன்னால் அது வந்தது.

"என் ஷூவை யாரோ தொடைச்சு வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை நல்லதா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மீசை சிரித்தார். "இங்கயா? அவனவன் பூட்ஸை அவனவன்தான் தொடைக்கணும் சார். கமாண்டன்டே தானேதான் தொடைக்கறார். இது ஹோட்டலா இருந்தப்போதான் அந்த ராஜமரியாதை எல்லாம். ராத்திரி கதவுக்கு வெளிய எதை வச்சாலும் எடுத்துட்டுப் போய், விடியறதுக்குள்ள புதுசாக்கி அதே இடத்துல வச்சிடுவாங்களாம். அழுக்கோ, கிழிசலோ, கறையோ, வாயத் தொறந்து ஒரு கேள்வி கேக்க மாட்டாங்களாம். பெரிய மனுஷங்க அதுக்குன்னே வருவாங்கன்னு சொல்வாங்க."

"இப்ப மேல வேற யாரு இருக்கா?"

"நீங்களும் உங்க பையனும்தான்." மீசையின் பார்வை ஷூவுக்கு இறங்கியது. "நல்ல ஷூ சார். புதுசா வாங்கினதா?"

"ஆமா" என்றார் கண்டக்டர்.

அறையில் பையன் கட்டிலில் ஏறாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். பதினொரு வயது முடியாத உடம்பு. மொட்டையடித்தாற்போல வெட்டிய முடியில் காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கட்டில் ஒரு சின்ன வீடு அளவுக்கு இருந்தது.

"நான் கீழயே படுத்துக்கறேன்பா."

"கட்டில்லதான் படுக்கணும். அதத்தானே பாக்க வராங்க."

"தண்ணி குடிக்கட்டுமா?"

"வேண்டாம்."

மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னங்க, சாப்பிட்டானா? முகம் எப்படி இருக்கு? பேசாம கூட்டிட்டு வந்துடுங்களேன். நம்ம ஊர்ல ஸ்கூலே இல்லையா?" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, வை" என்று இவர் அடிக்குரலில் சீறினார். பையன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

நடுநடுவே எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது, விடியும்வரை கண்ணை மூடாமல் இருப்பது என்பதுதான் கண்டக்டரின் திட்டம். நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டு பையனின் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்தார். ஜன்னலில் மழை தட்டியது, கீழே ஏதோ ஒரு கதவு அடித்துக்கொண்டது, சுவருக்குள் அந்தத் தண்ணீர் நிற்காமல் ஓடியது. கேட்டுக்கொண்டே இருந்தால் அது வெறும் ஓட்டமாக இல்லாமல், கசக்குவது, அலசுவது, பிழிவது, மறுபடி கசக்குவது என்று ஒரு ஒழுங்கில் போவதுபோலத் தோன்றியது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ் மாறி மாறி வந்த களைப்பு. கண்ணை ஒரு நிமிஷம்தான் மூடினார்.

விழித்தபோது வாடைதான் முதலில் தெரிந்தது.

பையன் இருட்டில் கட்டிலை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தான். கால்சட்டை தொடையோடு ஒட்டியிருந்தது.

"எழுப்பினேன்பா" என்றான். "ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க தூங்கிட்டீங்க. இருட்டுல தனியா போகப் பயமா இருந்துது."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது கண்டக்டருக்கு. தப்பு அவனுடையது அல்ல என்பது அந்த நிமிஷமே தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. நடுவில் ஓட்டை விழுந்திருந்த அந்தப் பழைய விரிப்பைச் சரசரவென்று உருவிச் சுருட்டினார்.

துவைத்தால் விடிவதற்குள் காயாது. எங்கே ஒளிப்பது? மீசை சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறந்தார். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் அந்த ஈரச் சுருட்டலை வாசலில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கம்பளத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சக்கரச் சத்தம் கிளம்பியது. கிறீச்... கிறீச்... என்று எண்ணெய் காணாத தள்ளுவண்டி. காலடிச் சத்தம் இல்லை. வாசலில் நின்றது. எதையோ தூக்கும் சின்னச் சரசரப்பு. மறுபடி கிறீச், கிறீச், அந்தக் கோடிக்கு.

திறந்து பார்த்தார். விரிப்பு அங்கே இருந்தது. வெள்ளையாக, சூடாக, கத்தியால் வெட்டலாம்போல மடிப்போடு. நடுவில் ஒரு ஓட்டை இருந்ததே, அதைக் காணோம். தைத்த தடமும் இல்லை. போவதற்கும் வருவதற்கும் நடுவில் எச்சில் விழுங்கும் நேரம்கூட ஆகவில்லை.

கத்திக்கொண்டு பையனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று உடம்பு சொல்லிற்று. ஆனால் அதற்குள்ளேயே நெஞ்சில் ஒரு நிம்மதி பால் வார்த்தாற்போல இறங்கிவிட்டது. யாருக்கும் தெரியாது. கமாண்டன்ட்டுக்குத் தெரியாது, டிப்போவுக்குத் தெரியாது. யாரோ, எதுவோ, கேள்வி கேட்காமல் செய்துகொடுக்கிறது. அது எது என்று இவர் ஏன் கேட்க வேண்டும்?

மெத்தையையும் இழுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டார். அதுவும் போயிற்று. அதுவும் வந்தது.

பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "யாருப்பா எடுத்துட்டுப் போறது?"

"வேலைக்காரங்க. இந்த விரிப்பைப் பிடி."

"கால் சத்தமே கேக்கலயேப்பா."

"பிடிடா."

பையன் பிடிக்கவில்லை. விரிப்பைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அப்பா, நான் வீட்டுக்கே வந்துடறேன்பா. உங்க பஸ்லயே வரேன். பின்னாடி படிகிட்ட நின்னு விசில் ஊதறேன். நீங்க முன்னாடி மட்டும் பாத்துக்கிட்டா போதும். காலைல அவர் வந்தா, நான்தான் நனைச்சேன், அப்பா மாத்திட்டாருன்னு நானே சொல்லிடறேன். அப்ப விட்டுடுவாங்கல்ல?"

அப்பா மாத்திட்டாரு. அந்த இரண்டு வார்த்தை போதும். கமாண்டன்ட் முன்னால் நிற்பதும், மீசை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பதும், புது ஷூவும், "என்ன ஆபீசரோட அப்பா, பையன் வந்துட்டானாமே" என்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்ப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவர் பையன்மேல் கை வைத்ததே கிடையாது. இப்போது வைத்தார். அறைந்த கை அவருடையதுதானா என்று பார்ப்பதற்குள், அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"வெளிய நில்லு. அந்த ஈரத்தோடயே நில்லு. அப்பத்தான் வெட்கம் வரும்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வீட்டில் இது சகஜம். அடம் பிடித்தால் வாசலில் நிற்க வைப்பது. அடுத்த வீட்டு அத்தை பார்த்துவிட்டு, "பாவம், உள்ள விடுங்க அண்ணா" என்று சிபாரிசு செய்வது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறப்பது. கோபத்தில் அந்த வாசலும் இந்த வாசலும் ஒன்றாகிவிட்டன. அப்படித்தான் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டார். வாசலில் எதை வைத்திருக்கிறோம் என்று தோன்றவேயில்லை என்று.

பையன் அழவில்லை. கதவில் முதுகு சாய்வது மரத்தின் வழியே தெரிந்தது. மூக்கை உறிஞ்சினான்.

பிறகு சக்கரம்.

கிறீச்... கிறீச்...

"அப்பா" என்றான் பையன் மெதுவாக. "யாரோ வராங்கப்பா."

கண்டக்டரின் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. மீசையாக இருக்கலாம். ரோந்து வருகிறவர். இப்போது திறந்தால் என்ன தெரியும்? ஈரக் கால்சட்டையோடு ஒரு பையன், கன்னத்தில் கை பதிந்த தடம், உள்ளே புது விரிப்பு. ஒரு நிமிஷம் பொறுத்தால் கடந்து போய்விடுவார். மீசைதான். மீசையாகத்தான் இருக்கும்.

மீசைக்குக் கால் சத்தம் கேட்கும். அது அவருக்குத் தெரியும்.

"அப்பா, திறங்கப்பா."

தெரிந்தும் கை அசையவில்லை.

"அப்பா, இவங்க... அப்பா, இவங்களுக்கு முகமே..."

கதவில் சாய்ந்திருந்த பாரம் விலகியது. ஒரு சரசரப்பு. துணியைச் சுருட்டும் சரசரப்பு. சக்கரம் கிளம்பியது. இந்த முறை கனத்தோடு.

திறந்தார்.

யாரும் இல்லை. கம்பளத்தில் இரண்டு சின்ன ஈரப் பாதத் தடங்கள். கதவைப் பார்த்தபடி இருந்தன. அவ்வளவுதான். அடுத்த தடம் இல்லை.

ஓடினார். மூலை திரும்பினார். அங்கே ஒரு அகலக் கதவு இருந்திருக்க வேண்டும். நிலை மட்டும் இருந்தது. உள்ளே செங்கல் வைத்துப் பூசிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கம்பளத்தின் வெளுத்த தடம் அந்தச் சுவருக்குள் நேராகப் போயிற்று. கையை வைத்துப் பார்த்தார். சுவர் சுட்டது.

காதை வைத்தார். தண்ணீர் கொட்டியது. கசக்கினார்கள். அலசினார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து ஏதோ கூப்பிட்டது. பிழிந்தார்கள்.

"டேய்! தம்பி!" என்று கத்த வாயைத் திறந்தார். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கீழே எல்லோரும் எழுந்துவிடுவார்களே.

படிக்கட்டின் தலைமாட்டுக்கு வந்தார். கீழே மேஜை விளக்கடியில் மீசை தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் போதும். வந்துவிடுவார். வந்து, "பையன் எப்படி சார் வெளிய போனான்?" என்று கேட்பார். நான்தான் தள்ளினேன். ஏன்? நனைத்துவிட்டான். அப்போ அந்த மெத்தை? கண்டக்டர் படியில் ஒரு கால் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கைப்பிடியைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. பெற்ற பிள்ளை சுவருக்குள் இருக்கிறான், நான் பதில் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் திரும்பினார்.

விடியறதுக்குள்ள அதே இடத்துல வச்சிடுவாங்களாம். அப்படித்தானே சொன்னார் மீசை. வைத்துவிடுவார்கள். ஷூவை வைத்தார்கள். விரிப்பை வைத்தார்கள். பொறுத்தால் போதும்.

அறைக்குப் போய் மெத்தையைக் கட்டிலில் தூக்கிப் போட்டார். விரிப்பை விரித்தார். நான்கு முனையையும் இழுத்துச் செருகினார். சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் தடவினார். தடவிக்கொண்டே அழுதார்.

விரிப்பும் மெத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் வந்தன. பையன் வரவில்லை. கறை ஆழமாக இருந்தால் நேரமாகும்போல. வாசலோரம் உட்கார்ந்து, கதவில் காதை வைத்துக்கொண்டு, சுவருக்குள் தண்ணீர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னல் வெளுத்தது.

தண்ணீர் நின்றது.

கிறீச்... கிறீச்...

கீழே பிகில் ஊதினார்கள். கண்டக்டர் கதவைத் திறந்தார்.

பையன் நின்றிருந்தான். குதிகால் சேர்த்து, மார்பு நிமிர்த்தி, கைகள் தொடையோடு ஒட்டி. சீருடை அட்டைபோல விறைத்திருந்தது. கன்னத்தில் தடம் இல்லை. முழங்கையில் பழைய சிராய்ப்பு இல்லை. சூடான துணியின் வாசனை அடித்தது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"தம்பி" என்று அவன் கையைப் பிடித்தார். வழுக்கியது. திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ரேகை இல்லை. விரல் மடிக்கும் இடத்தில் மடிப்பு இல்லை. ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்திருந்தார்கள்.

"குட் மார்னிங் சார்" என்றான்.

அவன் காலடியில் ஒரு வெள்ளித் தட்டு. அதன்மேல் கவிழ்த்த வெள்ளி மூடி. மூடியின் உள்ளிருந்து ஒரு துளி நீர் கசிந்து தட்டில் ஓடியது. துவைத்தால் கறை எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். விருந்தாளியின் பொருள் எதையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

மூடி லேசாக அசைந்தது.

"அப்பா."

சின்னக் குரல். மூக்கை உறிஞ்சும் குரல்.

"அப்பா, இருட்டா இருக்குப்பா. ஈரமா இருக்கு. திறங்கப்பா."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். இரண்டு ஜோடி. கண்டக்டர் தட்டை எடுத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. கைக்குழந்தையின் கனம் இருந்தது. அறையில் கதவோரமாக இருந்த மேஜைமேல் அதை வைத்துவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டார்.

கமாண்டன்ட் வந்தார். பின்னால் மீசை. கமாண்டன்ட் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார், விரிப்பைத் தூக்கி மெத்தையில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். திரும்பிப் பையனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? ஒரே ராத்திரி. என்ன பண்ணினீங்கன்னு கேக்க மாட்டேன். இந்த மாதிரி விறைப்பு எனக்கு மூணாவது வருஷத்துப் பசங்ககிட்டகூட வர்றதில்ல."

"அப்பா" என்றது மூடிக்குள். "அப்பா, நான் இங்க இருக்கேன்."

கண்டக்டர் உரக்க இருமினார். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், ஏதோ மேஜையில் சாய்கிறவர்போல, மூடியின்மேல் வைத்தார்.

"அது என்ன சார்?" என்றார் மீசை.

"ஒண்ணுமில்ல. ராத்திரி சாப்பிட்ட மிச்சம்."

நெஞ்சு நிறைந்திருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. வாசலில் நிற்கும் அந்த வழுவழுப்பான பிள்ளையைப் பார்க்கப் பார்க்க, வெட்கம் கெட்ட நெஞ்சு பெருமையில் விம்மியது.

கமாண்டன்ட் கையை நீட்டினார். கண்டக்டர் வலது கையைக் கொடுத்தார். குலுக்கினார்கள். இடது கையின் கீழே, மூடியை உள்ளேயிருந்து சின்ன விரல்கள் மேலே தள்ளின. தட்டுக்கும் மூடிக்கும் நடுவில் வெளியே வந்து, ஈரமாக, அவர் சுண்டு விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"பெருமையா இருக்கும் உங்களுக்கு" என்றார் கமாண்டன்ட்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.